ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் ஒண்ணே போதுமா?

கேள்வி: வீட்ல மைக் வச்சு பாடி ரெக்கார்ட் பண்றேன், பாட்டும் நிறைய கேப்பேன். ரெண்டுக்கும் ஓப்பன் பேக் ஹெட்ஃபோன் வாங்கலாமா சார்?

பதில்: கேக்கவும் மிக்ஸிங் பண்ணவும் தாராளமா வாங்குங்க, பாடும்போது மட்டும் வேண்டாங்க. கப்புக்குப் பின்னாடி அடைப்பு இல்ல, வெறும் வலைதான், சத்தம் வெளிய கசியும், சின்ன சத்தத்தையும் விடாத கண்டென்சர் மைக் அதை அப்படியே புடிச்சுக்கும். பல்லவி முடிஞ்சு நான் மூச்சு எடுத்த இடத்துல ஹெட்ஃபோன்ல ஓடின மெட்ரோனோம் (தாளம் காட்டுற கருவி) 'டிக் டிக்'னு ரெக்கார்டிங்ல விழுந்து, முழு டேக்கையும் திரும்பப் பாடினேன். பாடறதுக்கு பின்னாடி மூடியிருக்குற சாதா க்ளோஸ்டு பேக் போதும். கேக்கறதுக்கு 1997ல வந்த சென்ஹைசர் எச்டி 600 எனக்கு இன்னைக்கும் உசுரு, வீணை மீட்டினது அடங்குற வரைக்கும் தெளிவாக் கேக்கும், ஆனா அதோட மின்தடை (இம்பீடன்ஸ்) 300 ஓம், அதிகம், போன்ல நேரா சொருகினா சத்தம் பத்தாம போகலாம், ஹெட்ஃபோன் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வழியா போடுங்க. ஃபேன் சத்தமும் உள்ள வரும், ராத்திரில கேளுங்க.