பாரிஸ் பழம்பொருள் சந்தையும் 16% கடனும்

கோவையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 41, கைக்கு வரும் சம்பளம் 85,000 ரூபாய், அதில் வீட்டு வாடகை 22,000, வங்கியில் 4 லட்சம் ஃபிக்சட் டெபாசிட். போன அக்டோபரில் பாரிஸ் போனவர், அங்குள்ள சாந்த்-உவான் சந்தையில் பழைய கேமராக்கள், ஒரு சுவர்க் கடிகாரம், நாத்தனார் போட்டோ அனுப்பிக் கேட்ட பீங்கான் டீ செட் என்று 1,800 யூரோவுக்கு வாங்கி, எல்லாவற்றையும் கிரெடிட் கார்டில் தேய்த்து, ஊர் வந்ததும் 18 மாத இஎம்ஐ-யாக மாற்றிவிட்டார். வட்டி 16%. இன்னும் 10 தவணை பாக்கி. இப்போது ஒரு ஆப் 2.5 லட்சம் "டிராவல் லோன்" தருகிறேன் என்கிறதாம். செப்டம்பரில் பிரான்சின் லீல் நகரத்தில் நடக்கும் பிராதெரி என்ற தெருச் சந்தைக்குப் போகலாமா, பழம்பொருள் முதலீடுதானே, விலை ஏறுமே என்று கேட்கிறார்.

இந்த செப்டம்பர் வேண்டாம் சகோதரி. காரணத்தைக் கணக்காகவே காட்டுகிறேன்.

ஒரு யூரோவை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் நீங்கள் வாங்கியது 1,80,000. வெளிநாட்டுச் செலவுக்குப் பல கார்டுகள் பிடிக்கிற 3.5% கட்டணம், அதன் மேல் 18% ஜிஎஸ்டி, சேர்த்துச் சுமார் 7,400. ஆக 1,87,400. இதை 16%-இல் 18 மாதம் கட்டினால் மாதம் கிட்டத்தட்ட 11,800, வட்டி மட்டும் 24,600, அந்த வட்டிக்கும் ஜிஎஸ்டி 4,400. கூட்டிப் பாருங்கள், 2,16,000-ஐத் தாண்டுகிறது. அதாவது நீங்கள் வாங்கிய ஒவ்வொரு பொருளும் 20% விலை ஏறினால்தான் போட்ட காசே திரும்பும்.

ஏறியதா? 300 யூரோ கொடுத்த கேமராவுக்குச் சென்னைக் கடைக்காரர் 14,000 ரூபாய் சொன்னதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அவர் ஏமாற்றவில்லை, அவருக்கும் லாபம் வேண்டும். உங்களுக்கு அது கடனோடு சேர்த்து 36,000 ரூபாய்க் கேமரா.

இன்னொன்றையும் யோசியுங்கள். சாந்த்-உவான் சந்தை 1880-களிலிருந்து இருக்கிறது, பாரிஸ் நகரத்தை விட்டு விரட்டப்பட்ட குப்பை பொறுக்குபவர்கள் மதிலுக்கு வெளியே கடை விரித்ததில் தொடங்கியது. இன்று அங்கே வெர்னேசோன், போல் பெர் என்று தனித்தனிப் பகுதிகளில் உட்கார்ந்திருப்பவர்கள் வாடகை கட்டித் தொழில் செய்யும் வியாபாரிகள். எந்த லென்ஸ் என்ன விலை போகும் என்று தெரிந்தவர்கள். சனிக்கிழமை மதியம் வந்து நிற்கிற சுற்றுலாப் பயணிக்கு அவர்கள் கண்ணுக்குத் தப்பிய புதையல் கிடைப்பது அபூர்வம். லீல் சந்தையில் ஊர்க்காரர்களே வீட்டுச் சாமானைத் தெருவில் வைத்து விற்பார்கள், விலை கொஞ்சம் இறங்கும், உண்மைதான். ஆனால் அது செப்டம்பர் முதல் வாரக் கடைசியில் மட்டும் நடக்கிறது, அந்த இரண்டு நாளில் ஊரே நிரம்பி வழியும், ஓட்டல் வாடகை எங்கே போய் நிற்கும் என்று பாருங்கள்.

பிடித்த பொருளை வாங்குவதில் எனக்கு ஆட்சேபணையே இல்லை. அந்தச் சந்துகளில் நடப்பதே தனிச் சுகம், அதற்குக் காசு செலவழிப்பது தப்பில்லை. ஆசைக்கு வாங்கியதை "முதலீடு" என்று சொல்லி அதற்குக் கடன் வாங்குகிறீர்களே, அதுதான் உங்களைச் சாப்பிடுகிறது. பழைய வாட்ச், கேமரா எல்லாம் "ஆல்டர்நேட் அசெட்", அதாவது மாற்று முதலீடு என்று ரீல்ஸ் போடுபவர்கள் யாரும் 16% வட்டி கட்டி வாங்கியதைக் காட்டுவதில்லை.

புது லோன் எடுத்தால் என்ன ஆகும்? 2.5 லட்சம், அதே வட்டி, 24 மாதம் என்றால் தவணை 12,200. பழையதோடு சேர்ந்து மாதம் 24,000. வாடகையும் போனால் கையில் 39,000. ஒரு மருத்துவச் செலவு வந்தால் கார்டு பில்லை முழுதாகக் கட்டாமல் மினிமம் டியூ என்ற குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்ட ஆரம்பிப்பீர்கள், மிச்சத்துக்கு விழும் வட்டி வருடத்துக்கு 40%-ஐத் தாண்டும். அந்த வழிக்கே போக வேண்டாம்.

டெபாசிட்டை உடைத்துப் பழைய இஎம்ஐ-யை அடைக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பாக்கி அசல் சுமார் 1.10 லட்சம். வட்டியில் பெரும்பகுதியை ஏற்கனவே கட்டிவிட்டீர்கள், இனி வரப்போவது ஜிஎஸ்டியோடு 9,700 மட்டும். முன்கூட்டி முடிக்க உங்கள் வங்கி 3% கேட்டால் அதுவே ஜிஎஸ்டியோடு 3,900, டெபாசிட் வட்டியும் போகும். மிச்சம் இரண்டு மூவாயிரம்தான். அதற்காக டெபாசிட்டைத் தொட வேண்டாம், ஏப்ரலில் தானாக முடியட்டும்.

அப்புறம் நாத்தனார். டீ செட்டுக்கு 400 யூரோ, எட்டு மாதமாகப் பணம் வரவில்லை, அதற்கு வட்டியும் நீங்கள் கட்டுகிறீர்கள். கேட்க சங்கடமாக இருக்கிறது என்கிறீர்கள். கார்டு ஸ்டேட்மென்ட்டை உங்கள் கணவரிடம் கொடுத்து அவரையே அக்காவிடம் பேசச் சொல்லுங்கள். அடுத்த முறை யார் போட்டோ அனுப்பினாலும் பணம் முதலில் வரட்டும்.

ஜூலையிலிருந்து மாதம் 10,000 ரூபாய் ஆர்டி, அதாவது மாதத் தவணைச் சேமிப்பு, போடுங்கள். அடுத்த வருட ஆகஸ்ட் வரை 1.40 லட்சம். மே மாதத்திலிருந்து இஎம்ஐ பணம் 11,800-ஐயும் அதில் சேர்த்தால் இன்னொரு 47,000. கிட்டத்தட்ட 1.87 லட்சம் சொந்தப் பணம், தவணையே கிடையாது. அதில் சந்தைக்கென்று 500 யூரோவைத் தனியாக நோட்டாக எடுத்து வையுங்கள். பேரம் பேசவும் நோட்டுதான் உதவும். கார்டை ஓட்டல் அறையிலேயே விட்டுவிட்டு இறங்குங்கள். கிளம்புமுன் சுங்க வரி விலக்கு வரம்பு அப்போது எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள், ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள், தந்தத்தில் பிடி போட்ட கத்தி, கரண்டி எதையும் எடுத்து வராதீர்கள்.