லேத்காரர் பதில்கள்: பெட்ரோல் பிக்கப்பில் டீசல் இன்ஜின்

கேள்வி: எங்கள் தோட்டத்தில் மாமனார் காலத்து ஜீப் பிக்கப் ஒன்று இருக்கிறது. 1972 மாடல், ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜின். லிட்டருக்கு 7 கிலோமீட்டர் கொடுத்தாலே அதிசயம். வாரம் இரண்டு முறை காபி, மிளகு மூட்டை ஏற்றிக்கொண்டு சேலம் இறங்குகிறோம். உறவுக்காரர் வீட்டில் பழைய டிராக்டர் டீசல் இன்ஜின் ஒன்று நல்ல நிலையில் கிடக்கிறது. வீட்டிலேயே வைத்து அதை ஜீப்பில் ஏற்றிவிடலாம், நான்கு நாள் வேலை என்கிறான் என் மைத்துனன். ஏற்றலாமா?
– வாசகர், நாகலூர், ஏற்காடு

பதில்: உங்கள் மைத்துனர் சொன்ன கணக்கு சரிதான். இன்ஜினைத் தூக்கி உள்ளே உட்கார வைக்க நான்கு நாள் போதும். அப்புறம் வருகிற நான்கு மாதத்தைத்தான் அவர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் மெக்கானிக் இல்லை. கொண்டலாம்பட்டியில் முப்பத்தெட்டு வருஷம் லேத் ஓட்டினவன். எண்பதுகளில் சேலத்தில் பெட்ரோல் ஜீப்பை டீசலாக்கும் வேலை பட்டறைக்குப் பட்டறை நடந்தது. மெக்கானிக் சிகரெட் அட்டையின் உள்பக்கம் ஒரு வட்டமும் சுற்றிலும் எட்டுப் புள்ளியும் போட்டு எடுத்து வருவார். “சாயங்காலத்துக்குள்ள பிளேட் வேணும்ண்ணா” என்பார். இன்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் உட்காரும் அந்த இரும்புத் தகடுதான் என் பங்கு. அதனால் உங்கள் ஜீப்பையும் அந்தத் தகட்டிலிருந்துதான் பார்க்கிறேன்.

டிராக்டர் இன்ஜினின் பின்முகமும் ஜீப்பின் பெல் ஹவுசிங்கும் (கிளட்ச்சை மூடும் மணி வடிவ உறை) ஒன்றுக்கொன்று சேராது. 20 மில்லிமீட்டர் தகடு ஒன்றில் இன்ஜினுக்கு ஒரு சுற்றுத் துளை, ஜீப்புக்கு ஒரு சுற்றுத் துளை போட்டு இரண்டையும் இணைக்க வேண்டும். துளை போடுவது யாருக்கும் வரும். கிராங்கின், அதாவது இன்ஜினின் சுழல்தண்டின் மையமும் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் மையமும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும், அதுதான் வித்தை. விலகல் 5 தௌவைத் தாண்டக் கூடாது. தௌ என்றால் அங்குலத்தை ஆயிரமாக வெட்டியதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியே இரண்டு மூன்று தௌ பருமன் இருக்கும்.

1986-இல் உங்கள் மலையிலேயே ஒரு தோட்டத்து ஜீப்புக்கு நான் தகடு போட்டேன். அவசர வேலை. தகடு இம்மியும் நகராமல் இறுக்கமான துளையில் அடித்து வைக்கும் முளைக்கு டவல் பின் என்று பெயர், அதை வைக்கவில்லை. போல்ட் 10 மில்லி, துளை பத்தரை. போல்ட்டை இறுக்கிவிட்டால் எங்கே அசையப் போகிறது என்று நினைத்தேன். அரை மில்லி என்பது இருபது தௌ! தகடு எந்தப் பக்கம் சரிந்து நின்றதோ அப்படியே இறுகிவிட்டது. மூன்றாம் வாரம் ஜீப் திரும்பி வந்தது. மலை ஏறும்போது இரண்டாவது கியர் தானாக நழுவி நியூட்ரலுக்கு வருகிறதாம். டிரைவர் ஒரு கையால் கியர் கம்பியை அழுத்திப் பிடித்துக்கொண்டே இருபது கொண்டை ஊசி வளைவையும் ஏறியிருக்கிறார், பாவம். பிரித்துப் பார்த்தோம். கிராங்கின் வாலில் கியர்பாக்ஸ் ஷாஃப்டின் நுனியைத் தாங்கும் பைலட் புஷ், சுண்டுவிரல் நுழைகிற அளவு வளையம், வாய் அகன்று புனல் மாதிரி ஆகியிருந்தது. ஹவுசிங்குக்குள் கையை விட்டால் விரலெல்லாம் மஞ்சளாக உலோகப் பொடி. மெக்கானிக் என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. என் செலவில் திரும்பச் செய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு இரண்டு டவல் பின் இல்லாமல் ஒரு தகடும் என் பட்டறைப் படியைத் தாண்டியதில்லை.

வீட்டில் இதைச் சரிபார்க்க வழி உண்டு. டயல் கேஜை (முள் ஆடி அளவு காட்டும் கருவி) கிராங்கின் வாலில் சுழலும் கனமான சக்கரமான ஃப்ளைவீலில் காந்தக் காலால் நிறுத்தி, அதன் முள் ஹவுசிங்கின் நடுத்துளை விளிம்பைத் தொடும்படி வையுங்கள். கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றுங்கள். முள் ஆடுவதில் பாதிதான் உண்மையான விலகல். பத்து தௌவுக்கு மேல் ஆடினால் போல்ட்டை லேசாகத் தளர்த்தி, மரச் சுத்தியலால் தட்டித் தட்டி மையத்துக்குக் கொண்டுவந்து இறுக்கி, அந்த நிலையில்தான் டவல் துளை போட வேண்டும். ஒரு பகல் முழுக்க இதற்கே போகும். மைத்துனருக்கு அந்தப் பொறுமை இருக்கிறதா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

கிளட்ச் பிளேட்டும் கலப்பினம்தான். வெளிவட்டம் டீசல் ஃப்ளைவீலுக்குப் பொருந்த வேண்டும், நடுப்பல் ஜீப் ஷாஃப்டில் ஏற வேண்டும். பழைய பிளேட்டின் நடுவை வெட்டி வேறொன்றோடு ரிவிட் அடித்துத் தருகிறவர்கள் இருக்கிறார்கள். மலையில் ஓடும் வண்டிக்கு அது வேண்டாம்.

அடுத்தது, பலரும் இன்ஜினை வாங்கிய பிறகு கண்டுபிடிக்கிற சங்கதி. டிராக்டரில் பெரும்பாலும் இன்ஜினேதான் சேஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம். முன்னால் ஆக்சில், பின்னால் கியர் பெட்டி, நடுவில் இன்ஜினே பாலம் மாதிரி நின்று எடையைத் தாங்கும். அதனால் ஜீப்பில் உட்கார வைக்கப் பக்கவாட்டுக் கால் அதற்கு இருக்காது, நாம்தான் செய்ய வேண்டும். அதன் சம்ப்பும் (அடியில் ஆயில் நிற்கும் தொட்டி) தகரத்தில் அடித்தது இல்லை, கனமான வார்ப்பு இரும்பு. அது ஜீப்பின் முன் ஆக்சில் குண்டுக்கு, அதாவது பற்சக்கரம் இருக்கும் உருண்டைப் பகுதிக்கு நேர் மேலே வந்து நிற்கும். வண்டி சும்மா நிற்கும்போது இரண்டு விரல் இடைவெளி தெரியும். பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது ‘டொம்’ என்று ஒரு சத்தம், அப்புறம் ரோடெல்லாம் ஆயில். வெல்டிங் வைப்பதற்கு முன்னால் சேஸைக் கட்டையில் நிறுத்தி, ஆக்சிலை மட்டும் ஜாக்கி வைத்து மேலே சேஸில் இருக்கும் முட்டு ரப்பரைத் தொடும்வரை தூக்கிப் பாருங்கள். முன்பக்கம் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடுதலாகப் போட வேண்டியதும் வரும். நாங்கள் போட்ட அந்த ஜீப் ஒன்றரை அங்குலம் மூக்குக் குத்தி விழுந்த மாதிரி குனிந்துதான் நின்றது.

ரேடியேட்டர், ஏர் கிளீனர், பெரிய பேட்டரி, ஹீட்டர் பிளக் இருந்தால் அதற்குத் தனி வயர், சைலன்சர் பைப். இவையெல்லாம் காசு கொடுத்தால் முடிகிற வேலை. விட்டுவிடுவோம்.

வேகக் கணக்கு காசு கொடுத்து முடியாது. அந்தக் கால ஜீப்பில் ஆக்சில் பல் விகிதம் 5.38. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற டாப் கியரில் இன்ஜின் 5.38 சுற்றுச் சுற்ற வேண்டும். 16 அங்குல ரிம்மில் ஜீப் டயர் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2.2 மீட்டர் போகும். ஹரிக்கேன் நிமிஷத்துக்கு 4000 சுற்றுவரை ஓடுகிற இன்ஜின். டிராக்டர் இன்ஜின் 2000-த்திலேயே முடிந்துவிடும். கணக்குப் போட்டால் டாப் கியரில் மணிக்கு 49 கிலோமீட்டர். அதற்கு மேல் மிதித்தாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் விடாது. அடிவாரத்திலிருந்து சேலம் அஸ்தம்பட்டி வரும்வரை உங்கள் பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வரும்.

இறக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை. டீசல் என்றால் இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். பெட்ரோல் இன்ஜினில் காலை எடுத்தால் காற்று வழி மூடிக்கொள்ளும், இன்ஜின் மூச்சுக்கு இழுக்கும், அந்த இழுப்பு வண்டியைப் பிடிக்கும். சாதாரண டீசலில் காற்று வழியில் மூடி கிடையாது. சுருக்கிய காற்று ஸ்பிரிங் மாதிரி பிஸ்டனைத் திரும்பத் தள்ளிவிடும், பிடிப்பு நீங்கள் நினைக்கிற அளவு இராது. லாரிகளில் புகை வழியை அடைத்து வண்டியைப் பிடிக்கும் எக்ஸாஸ்ட் பிரேக் தனியாக வைத்தது அதனால்தான். மூட்டை ஏற்றிய பழைய ஜீப், மிதிக்கு வலுக் கூட்டும் சர்வோ இல்லாத டிரம் பிரேக், இருபது வளைவு. யோசியுங்கள்.

காசுக் கணக்குக்கு வருவோம். நாங்கள் மாற்றிக் கொடுத்த காலத்தில் டீசல் விலை பெட்ரோல் விலையில் ஏறக்குறைய பாதி. 2010-இல் பெட்ரோலையும் 2014-இல் டீசலையும் விலைக் கட்டுப்பாட்டிலிருந்து விட்டார்கள், இடைவெளி சுருங்கிவிட்டது. உங்களுக்கு மாதம் 600 கிலோமீட்டர் ஓட்டம் என்று வையுங்கள். இன்றைக்கு 7 கிலோமீட்டர் மைலேஜில், லிட்டர் நூறு ரூபாய்க் கணக்கில் 8,600 ரூபாய் ஆகிறது. டீசல் 11 கொடுத்து, லிட்டர் 93 என்றால் 5,100. மாதம் 3,500 மிச்சம் என்று மைத்துனர் துள்ளுவார். ஆனால் அதே ஹரிக்கேனைச் சிலிண்டர் போர் பார்த்து, வால்வு உட்கார வைத்து, கார்புரேட்டரைச் சரிசெய்தால் 9 வரை எதிர்பார்க்கலாம், செலவு 6,700-க்கு இறங்கும். அப்போது மிச்சம் 1,600 ரூபாய்தான். மாற்றுகிற வேலைக்கு ஒரு லட்சம் ஆனால் அதைத் திரும்ப எடுக்க ஐந்து வருஷம்.

கார்புரேட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம், கடல் மட்டத்தைவிடக் காற்று ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு மெலிந்துவிடும். சேலத்தில் ட்யூன் பண்ணின கார்புரேட்டர் மேலே போனால் பெட்ரோலை அதிகமாகக் கொட்டும். மெயின் ஜெட்டை (பெட்ரோல் பாயும் சின்னத் துளை) ஒரு சைஸ் சின்னதாகப் போட்டு, மேலேயே வைத்து ட்யூன் பண்ணச் சொல்லுங்கள். உங்கள் 7 கிலோமீட்டருக்கு இதுவே பாதிக் காரணமாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

கடைசியாகச் சட்டம். அந்தக் காலத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் பார்த்து ஆர்.சி. புத்தகத்தில் எழுதிக் கொடுத்துவிடுவார். இப்போது அப்படி இல்லை. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக ஆர்.சி. விவரம் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் கேரள வழக்கு ஒன்றில் இதை அழுத்திச் சொல்லிவிட்டது. அதே வருஷத்துத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும் என்று வைத்திருக்கிறார்கள். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் இன்ஜின் நம்பரைத்தான் பார்ப்பார். எனவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் எழுத்தில் ஒப்புதல் கையில் வராமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாதீர்கள். வரும் என்று நம்பி இன்ஜினுக்கு முன்பணமும் கொடுக்காதீர்கள். வண்டி தோட்டத்துக்குள் மட்டும் ஓடும் என்றால் பேச்சு வேறு. நீங்களே சேலம் இறங்குவதாக எழுதியிருக்கிறீர்கள்.

ஆகவே என் பதில்: ஏற்ற வேண்டாம். ஹரிக்கேனையே பாருங்கள்.

கேள்வி: டீசலாக மாற்றிய பழைய பிக்கப் ஒன்றை வாங்கினோம். மாதம் ஒருமுறை டீசல் ஃபில்டர் அடைக்கிறது, ஏற்றத்தில் விக்கி விக்கி ஓடுகிறது. பம்ப்பை மாற்றச் சொல்கிறார்கள்.
– வாசகி, ஆத்தூர்

பதில்: பம்ப்பைத் தொடாதீர்கள் அம்மா, விலை உயர்ந்த சாமான். முதலில் டேங்க்கைக் கழற்றுங்கள். பெட்ரோல் டேங்க்கையே வைத்து ஓட்டியிருப்பார்கள். முப்பது நாற்பது வருஷத் துருவை டீசல் கழுவிக் கழுவி ஃபில்டருக்கு அனுப்பிக்கொண்டிருக்கும். டீசல் வருகிற பைப் ஜி.ஐ. பைப்பா என்றும் பாருங்கள். துத்தநாகப் பூச்சு டீசலோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஒரு பசையை உண்டாக்கும், அதுவும் ஃபில்டரில்தான் போய் உட்காரும். சாதாரண ஸ்டீல் பைப் போடுங்கள்.

விக்கலுக்கு வேறு காரணம் இருக்கலாம். டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டரில் கசிந்து மிஞ்சுகிற டீசல் திரும்ப டேங்க்குக்குப் போக ஒரு ரிட்டர்ன் பைப் வேண்டும். பெட்ரோல் டேங்க்கில் அதற்கு வாய் இருக்காது. சோம்பேறித்தனமாக அதை வருகிற பைப்பிலேயே ‘டி’ போட்டுச் சொருகிவிடுவார்கள். சூடான டீசலும் காற்றுக் குமிழியும் பம்ப்புக்கே திரும்பிப் போய் ஏர் பிடிக்கும். டேங்க்கின் மேல்பக்கம் ரிட்டர்னுக்குத் தனி வாய் வைக்கச் சொல்லுங்கள். வெல்டிங்குக்கு முன் டேங்க்கை நன்றாகக் கழுவி, தண்ணீர் நிரப்பி வைத்துத்தான் பற்ற வைக்க வேண்டும். காலி பெட்ரோல் டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்து.

கேள்வி: மாற்றிய வண்டியில் சாவியைத் திருப்பினாலும் இன்ஜின் நிற்பதில்லை. டாப் கியரில் போட்டு, பிரேக்கை மிதித்து, கிளட்ச்சை விட்டுத்தான் அமர்த்துகிறேன். இதனால் கெடுதல் உண்டா?
– வாசகர், ஓமலூர்

பதில்: உண்டு, கிளட்ச்சுக்கும் உங்கள் முட்டிக்கும். பெட்ரோலில் சாவி திருப்பினால் பிளக்கில் பொறி நின்றுவிடும். டீசலில் பொறியே கிடையாது, காற்றைப் பதினைந்து இருபது மடங்கு சுருக்கும் சூட்டிலேயே பற்றிக்கொள்கிறது. டீசலை நிறுத்தினால்தான் நிற்கும். பம்ப்பின் பக்கத்தில் ஸ்டாப் லீவர் என்று ஒரு சின்னக் கை இருக்கும், அதில் ஒரு கேபிள் கட்டி டேஷ்போர்டுக்குக் கொண்டுவாருங்கள். சைக்கிள் பிரேக் கேபிள் கட்டியே வருஷக்கணக்கில் ஓட்டினவர்கள் உண்டு. நான் சிபாரிசு செய்யவில்லை.

ஸ்டாப் இழுத்தும் நிற்காமல் புகையோடு வேகமெடுத்தால், இன்ஜின் தன் ஆயிலையே குடித்து ஓடுகிறது என்று அர்த்தம். ஒரு பலகையை வைத்துக் காற்று வழியை அடையுங்கள். கையை வைக்காதீர்கள்.

நாகலூர் வாசகர் கடிதத்தின் ஓரத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தார்: இன்ஜினை இறக்கச் சில்வர் ஓக் மரத்தில் செயின் பிளாக் (எடை தூக்கும் சங்கிலிக் கப்பி) மாட்டலாமா?

கூடாது. சில்வர் ஓக் கிளை சொல்லாமல் முறியும், காபித் தோட்டத்தில் மழைக் காற்றுக்குப் பார்த்திருப்பீர்களே. மூன்று இரும்பு பைப்பை முக்காலியாகக் கட்டி, அடிக்கால்கள் விலகாமல் சங்கிலி போட்டு, அதில் மாட்டுங்கள். ஹரிக்கேனை இறக்கிய பிறகு சிலிண்டர் பிளாக்கையும் கிராங்கையும் மட்டும் சேலத்துக்கு அனுப்பினால் போதும். பிரிக்கும்போதே கிராங்கைப் பிடிக்கும் பேரிங் தொப்பிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பஞ்ச் அடித்து வைக்கச் சொல்லுங்கள். சாக்பீஸில் எழுதினால் மண்ணெண்ணெயில் கழுவும்போது போய்விடும்.