ஏஐ ஏஜென்டுக்குக் கருவி விளக்கம் எழுதப் பழகும் மகள்: வேலைக்கு ஆகுமா?

விஸ்காம் மூன்றாம் ஆண்டு படிக்கும் மகள், டிசைன் சாஃப்ட்வேரை இயக்கும் ஏஐ ஏஜென்டுகளுக்குக் கருவி விளக்கம் எழுதப் பழகுகிறார், இதை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏஐ ஏஜென்ட் என்பது நாம் சொல்வதைக் கேட்டு சாஃப்ட்வேரைத் தானே இயக்கும் ஏஐ நிரல். அது அழைக்கக்கூடிய ஒவ்வொரு செயலும் ஒரு கருவி. அந்தக் கருவி என்ன செய்யும், எப்படி அழைப்பது என்று அதற்குச் சொல்லும் சில வரிகள்தான் கருவி விளக்கம். இந்தப் பெயரிலேயே வேலை அறிவிப்பு வரும் என்று காத்திருக்க வேண்டாம். டெக்னிக்கல் ரைட்டர், யுஎக்ஸ் டிசைனர், டிசைன் சிஸ்டம் பார்ப்பவர் ஆகியோரின் வேலைக்குள் ஒரு திறமையாகத்தான் இது வருகிறது. இதற்கென்று தனிச் சான்றிதழ் தருவதாகப் பெரிய தொகை கேட்டால் கட்டாதீர்கள். ஆனால் பழகுவதைத் தடுக்கவும் வேண்டாம். டிசைன் சாஃப்ட்வேரும் தெரிந்து, பிசகில்லாமல் எழுதவும் தெரிந்தவர்கள் குறைவு.

வேலை இதுதான். இந்த வகை ஏஜென்ட் நம்மைப் போல மெனுவைத் தேடிப்போய் அழுத்துவதில்லை. அதனிடம் ஒரு கருவிப் பட்டியல் தரப்படுகிறது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்ற ஏஐ நிறுவனம் வெளியிட்ட, ஏஜென்டைக் கருவிகளோடு இணைக்கும் எம்சிபி முறையில், ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், என்னென்ன மதிப்புகள் தர வேண்டும் என்று ஜேசன் (தகவலை ஒழுங்காக எழுதும் ஒரு வடிவம்) வடிவில் சொல்லும் அமைப்பு ஆகியவை இருக்கும். எந்தக் கருவியை எடுப்பது, என்ன எண் கொடுப்பது என்று ஏஜென்டுக்குள் இருக்கும் ஏஐ மாடல் முடிவு செய்வது பெரும்பாலும் இந்தச் சில வரிகளைப் படித்துத்தான்.

ஃபிக்மா என்ற டிசைன் சாஃப்ட்வேரில் நிறம் மாற்றும் கருவிக்குப் புதிதாக எழுதுபவர்கள் ‘நிறத்தை மாற்றும்’ என்று எழுதி முடித்துவிடுவார்கள். அதையே இப்படி எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்: ‘கொடுத்த ஐடி உள்ள ஒரு லேயரின் ஃபில் நிறத்தை மாற்றும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் 0 முதல் 1 வரையிலான தசம எண்கள். 255 கணக்கில் இருந்தால் 255-ஆல் வகுத்துத் தரவும். பழைய ஃபில்கள் நீங்கி இது மட்டும் நிற்கும். பார்டருக்கு இது ஆகாது, ஸ்ட்ரோக் கருவியை அழைக்கவும். ஐடி தெரியாவிட்டால், தேர்வு செய்த லேயர்களைக் காட்டும் கருவியை முதலில் அழைக்கவும்.’ இதில் லேயர் என்பது டிசைனில் உள்ள ஓர் உறுப்பு, ஃபில் அதன் உள்நிறம், ஸ்ட்ரோக் அதன் ஓரக்கோடு. ஃபிக்மாவின் பிளகின் ஏபிஐ, அதாவது வெளி நிரல்கள் அதை இயக்கும் வழி, நிறத்தை 0–1 அளவில்தான் வாங்கும். வெப் டிசைனில் நிறத்தை 0 முதல் 255 வரை சொல்லும் கணக்கே பழக்கம் என்பதால் மாடலும் 255 என்றே அனுப்பிவிடக்கூடும். விளக்கத்தின் கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். எப்போது பயன்படுத்தக் கூடாது என்று சொல்லாவிட்டால், பக்கத்துக் கருவி செய்ய வேண்டியதையும் மாடல் இதை வைத்தே செய்யப் பார்க்கும்.

அலகைச் சொல்லாமல் விடுவது இன்னும் ஆபத்தானது. முப்பரிமாண சாஃப்ட்வேரான பிளெண்டரின் பைத்தான் ஏபிஐ சுழற்சிக் கோணத்தை டிகிரியில் அல்ல, ரேடியன் என்ற வேறு அலகில் வாங்குகிறது. விளக்கத்தில் ‘கோணம்’ என்று மட்டும் இருந்து ஏஜென்ட் 90 என்று கொடுத்தால் பிழைச் செய்தி எதுவும் வராது. பொருள் சுமார் 117 டிகிரியில் திரும்பி நிற்கும். 90 டிகிரிக்குத் தர வேண்டியது 1.5708. பிழை காட்டாத தவறைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் அரைநாள் போய்விடும். ‘ரேடியனில்’ என்ற ஒரு சொல் அதைத் தடுத்திருக்கும். ஃபிக்மாவில் எக்ஸ், ஒய் எதிலிருந்து அளக்கப்படுகிறது என்பதும் இதே ரகம். ஃப்ரேமுக்குள், அதாவது உறுப்புகளை அடக்கிய சட்டத்துக்குள், இருக்கும் லேயருக்கு அந்த ஃப்ரேமின் இடது மேல் மூலைதான் தொடக்கம். இதை எழுதாவிட்டால் பட்டன் ஃப்ரேமுக்கு வெளியே போய் உட்காரும்.

பிழைச் செய்தியும் விளக்கத்தின் ஒரு பகுதிதான். ஃபிக்மாவில் எழுத்தை மாற்றும் முன் அந்த ஃபான்ட்டை ஏற்றியிருக்க வேண்டும். ‘தோல்வி’ என்று மட்டும் பதில் வந்தால் ஏஜென்ட் அதையே மறுபடி மறுபடி முயலும். ‘ஃபான்ட் ஏற்றப்படவில்லை, ஃபான்ட் ஏற்றும் கருவியை முதலில் அழைக்கவும்’ என்று வந்தால் தானே சரிசெய்துகொள்ளும்.

தயாராக ஆறு முதல் எட்டு வாரம், தினமும் ஒன்றரை மணி நேரம் போதும் என்பது எங்கள் கணிப்பு. முதல் இரண்டு வாரம் ஜேசனும் ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் அடிப்படையும். பிறகு ஒரே ஒரு சாஃப்ட்வேரில் ஐந்தாறு கருவிகள் மட்டும். முப்பது கருவி வேண்டாம். பெயரும் வேலையும் ஒன்றுபோல இருக்கும் கருவிகள் கூடினால் மாடல் தடுமாறும். அடுத்து, டிசைனர் பேசுகிற மாதிரி இருபது கட்டளைகள் எழுத வேண்டும். ‘இந்தக் கார்டை 16 பிக்சல் கீழே இறக்கு’ என்பது போல. ஒவ்வொன்றுக்கும் எந்தக் கருவி அழைக்கப்பட்டது, என்ன மதிப்பு போனது என்று குறிக்க வேண்டும். தவறியதற்குக் காரணமான வாக்கியத்தை மட்டும் திருத்திவிட்டு இருபதையும் மறுபடி ஓட்ட வேண்டும். ஒரே நேரத்தில் நான்கு வரியை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாது.

தமிழ் வழியில் படித்தவர், ஆங்கிலம் சரளமில்லை என்ற உங்கள் கவலைக்கு: விளக்கங்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் எழுதப்படுகின்றன. ஆனால் அலங்காரம் தேவையில்லை. எட்டு, பத்துச் சொற்களில் ஒரு வாக்கியம், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி என்று எழுதப் பழகினால் போதும்.

வேலைக்கு விண்ணப்பிக்கும்போது போர்ட்ஃபோலியோவில் முதல் விளக்கம், திருத்திய விளக்கம், இருபது கட்டளைகளில் முன்பு எத்தனை சரி, பின்பு எத்தனை சரி என்ற அட்டவணை மூன்றையும் ஒரே பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இன்னும் சரிவராத கட்டளைகளையும் காரணத்தோடு அதிலேயே எழுதட்டும். நேர்காணலில் கேள்வி அங்கிருந்துதான் பிறக்கும், பதிலும் அவர் கையில் இருக்கும்.