கட்டியைச் சூழ்ந்திருக்கும் செல்கள்: ஸ்டெம் செல் பற்றிய வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

அம்மாவுக்கு மார்பில் கட்டி. பயாப்ஸி ரிப்போர்ட்டில் புற்று என்பதோடு ‘டெஸ்மோபிளாஸ்டிக் ஸ்ட்ரோமா’ என்றும் எழுதியிருக்கிறார்கள். இது இரண்டாவதாக வேறொரு நோயா? (நெல்லிக்குப்பம்)

இல்லை, வீட்டில் யாரும் இதற்காகத் தனியே கலங்க வேண்டாம். புற்றுச் செல்களைச் சுற்றி நார்த்திசு அடர்ந்து வளர்ந்திருப்பதைத்தான் அந்தப் பெயர் குறிக்கிறது. அறுவையில் எடுத்த இத்தகைய கட்டியைப் பரிசோதனை மேசையில் வைத்து அறுக்கும்போது, மணல் கலந்ததைப் போலக் கத்தியின் அடியில் நறநறவென்று ஒலி கேட்கும். அதன் மெல்லிய சீவலுக்குச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால், ஊதா நிறத்தில் புற்றுச் செல்கள் சிறு சிறு கொத்துகளாகத் தெரியும். அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்பு நார்கள் அடர்ந்து கிடக்கும். பல கட்டிகளில் புற்றுச் செல்களைவிட அந்த நார்ப்பகுதியே அதிகம், கைக்குத் தட்டுப்படும் கடினமும் பெரும்பாலும் அதனுடையதே. அந்த நாரை உண்டாக்குபவை ஃபைப்ரோபிளாஸ்ட் என்னும், உடலுக்கே உரிய செல்கள். மார்பகப் புற்றில் இது வழக்கமாகக் காணப்படுவதுதான். அம்மாவுக்கு எந்தச் சிகிச்சை என்பதை முடிவு செய்ய, புற்றுச் செல்களில் ஹார்மோன் ஏற்பிகளும் ஹெர்2 புரதமும் உள்ளனவா என்று பார்க்கும் ஈஆர், பிஆர், ஹெர்2 ஆகிய சோதனைகளின் முடிவுகளை மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள்.

ஸ்டெம் செல் புண்ணை ஆற்றும் என்றுதான் படித்திருக்கிறேன். அதுவே புற்றுக்குத் துணைபோகும் என்பது எப்படி? (கல்லூரி மாணவி, லாஸ்பேட்டை)

புண்ணை ஆற்றும் அந்தத் திறமையே இங்கே துணைபோகிறது. ஸ்டெம் செல் என்பது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். எலும்பு மஜ்ஜையிலும் கொழுப்புத் திசுவிலும் மீசென்கைமல் ஸ்டெம் செல்கள் என்ற வகை உள்ளன. உடலில் காயம் பட்டால் அங்கிருந்து வேதிச் செய்திகள் கிளம்புகின்றன. இச்செல்கள் அவ்விடம் சேர்ந்து, அழற்சியைத் தணித்து, புதிய ரத்தக் குழாய்கள் முளைக்கவும் நார்த்திசு உருவாகவும் உதவுகின்றன. புண் ஆறியதும் செய்தி நின்றுவிடுகிறது. புற்றுக்கட்டியும் ஏறக்குறைய அதே செய்திகளை அனுப்புகிறது, ஆனால் நிறுத்துவதே இல்லை. கட்டிகள் ஆறாத புண்கள் என்று அமெரிக்க நோய்க்குறியியலாளர் ஹெரால்ட் டுவோராக் 1986-இல் எழுதியது இதனால்தான்.

அப்படி வந்து சேரும் ஸ்டெம் செல்களில் ஒரு பகுதி ஃபைப்ரோபிளாஸ்ட்களாக மாறிவிடுகிறது. எலிகளின் இரைப்பைப் புற்றை ஆராய்ந்த 2011-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், கட்டியைச் சார்ந்த ஃபைப்ரோபிளாஸ்ட்களில் குறைந்தது 20 சதவீதம் எலும்பு மஜ்ஜையிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ரத்தக் குழாய்களை வளர்க்கும் விஇஜிஎஃப் என்ற புரதத்தையும் இவை சுரக்கின்றன. காயத்தில் அழற்சியைத் தணிக்கும் அதே குணத்தால், புற்றைத் தாக்க வரும் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்புச் செல்களையும் அடக்கிவிடுகின்றன. எனக்கு மிகவும் கவலை தருவது இந்தக் கடைசிச் செயல்தான்.

அமெரிக்கப் புற்றாய்வாளர் ராபர்ட் வெயின்பர்க்கின் ஆய்வகம் 2007-இல் வெளியிட்ட முடிவையும் நீங்கள் அறிந்திருப்பது நல்லது. மனித மார்பகப் புற்றுச் செல்களோடு மீசென்கைமல் ஸ்டெம் செல்களையும் கலந்து எலிகளுக்குச் செலுத்தியபோது, புற்று நுரையீரலுக்குப் பரவுவது அதிகரித்தது. புற்றுச் செல்களின் தூண்டுதலால் ஸ்டெம் செல்கள் சிசிஎல்5 என்ற புரதத்தைச் சுரந்தன. அதுவே புற்றுச் செல்களுக்கு இடம்பெயரும் வேகத்தைக் கொடுத்தது. ஸ்டெம் செல்களின் அண்மை நீங்கியதும் அந்த வேகம் தணிந்தது என்பது இதில் முக்கியமானது: புற்றுச் செல்லின் கொடுமையில் ஒரு பங்கு அது வாழும் சூழலிலிருந்து வருகிறது.

ஆனாலும் இச்செல்கள் எங்கும் புற்றுக்கே துணை என்று சொல்லிவிட முடியாது. 2006-இல் கபோசி சார்கோமா என்ற புற்றை வைத்துச் செய்த எலி ஆய்வில் இதே வகைச் செல்கள் கட்டியின் வளர்ச்சியை அடக்கின. எந்தப் புற்று, எந்தக் கட்டம், செல் எந்தத் திசுவிலிருந்து வந்தது என்பவற்றைப் பொறுத்து விளைவு மாறுகிறது.

‘புற்று ஸ்டெம் செல்’ என்பதும் இதுவும் ஒன்றா? (வில்லியனூர்)

வேறு. புற்று ஸ்டெம் செல்கள் கட்டிக்கு உள்ளேயே இருக்கும் புற்றுச் செல்கள். மீண்டும் ஒரு கட்டியை முழுதாக வளர்த்தெடுக்கும் திறன் பெற்றவை. டொராண்டோவில் ஜான் டிக் குழுவினர் 1997-இல் ரத்தப் புற்றிலும், மிச்சிகனில் மைக்கேல் கிளார்க் குழுவினர் 2003-இல் மார்பகப் புற்றிலும் இவற்றைப் பிரித்துக் காட்டினார்கள். எலும்பு மஜ்ஜையில் உள்ள அண்டைச் செல்கள் இவற்றுக்கு மருந்திலிருந்து ஒளிந்துகொள்ள இடம் கொடுக்கின்றன. நாட்பட்ட மைலாய்டு ரத்தப் புற்றுக்கு இமாட்டினிப் மாத்திரை எடுத்து, ரத்தத்தில் நோயின் சுவடே தெரியாத நிலையை எட்டியவர்களிலும், மருந்தை நிறுத்தினால் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது. ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று மாத்திரையைத் தாமாக நிறுத்துகிறவர்கள் தயவுசெய்து இதை நினைவில் வையுங்கள்.

ஊசி குத்திச் சோதித்தால் புற்று கிளறப்பட்டுப் பரவிவிடும் என்கிறார்களே? (பாகூர்)

ஊசித் தடத்தில் புற்றுச் செல் தங்குவது மிக அரிது. அந்த ஆபத்து சற்றுக் கூடுதலாக உள்ள சில புற்றுகளில் மருத்துவர்களே வேறு வழியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சோதனையைத் தள்ளிப்போடுவதால் நேரும் கேடுதான் பெரிது.

அப்படியானால் சுற்றியுள்ள செல்களையே அழித்துவிட்டால் என்ன? (சிதம்பரம்)

கணையப் புற்றில் அதைத்தான் முயன்றார்கள். அங்கே நார்த்திசு மிகவும் அடர்த்தி; மருந்து உள்ளே செல்லத் தடையாக இருப்பது அதுவே என்று கருதி, அதைக் கரைக்கும் மருந்தைக் கீமோதெரபியோடு சேர்த்து நோயாளிகளுக்குக் கொடுத்த ஒரு சோதனை, பலன் தராமல் பாதகமாகப் போனதால் 2012-இல் நிறுத்தப்பட்டது. பின்பு 2014-இல் வந்த எலி ஆய்வுகள், நார்ப்பகுதியை நீக்கியதும் புற்று மேலும் மூர்க்கமாக வளர்ந்ததைக் காட்டின. அந்த நார்த்திசு புற்றை ஓரளவு கட்டுப்படுத்தியும் வந்திருக்கிறது. ஆகவே, சூழ்ந்துள்ள செல்களை ஒட்டுமொத்தமாக அழிக்காமல், அவை புற்றோடு நடத்தும் பேச்சை மட்டும் துண்டிக்கும் வழிகளை இன்று தேடுகிறார்கள். அதுவே சரியான திசை என்று நான் கருதுகிறேன்.

அப்பாவுக்கு நுரையீரல் புற்று. ஸ்டெம் செல் ஊசி போட்டால் குணமாகும் என்று ஒரு தனியார் கிளினிக்கில் லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். நிலத்தை விற்கலாமா? (கடலூர் முதுநகர்)

விற்காதீர்கள். நுரையீரல் புற்றைக் குணப்படுத்த அங்கீகரிக்கப்பட்ட ஸ்டெம் செல் ஊசி எதுவும் இல்லை. ரத்தப் புற்று முதலிய சில நோய்களுக்குச் செய்யப்படும் எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சை உண்மையானது, ஆனால் அது வேறு சிகிச்சை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள், இவ்வகை மஜ்ஜை மாற்று நீங்கலாக ஸ்டெம் செல்லை அனுமதி பெற்ற ஆய்வுகளில் மட்டுமே பயன்படுத்தலாம் என்கின்றன; ஆய்வு என்றால் அதற்காக நோயாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது. கட்டியைச் சூழ்ந்த ஸ்டெம் செல்கள் புற்றுக்கே உதவக்கூடும் என்று மேலே எழுதியதைப் படித்த பிறகு, புற்றுள்ள உடலில் அவற்றைக் காசு கொடுத்து ஏற்றிக்கொள்வதில் உள்ள ஆபத்தும் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அப்பாவின் பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் படங்கள், இதுவரை கொடுத்த மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, புதுச்சேரி கோரிமேட்டில் உள்ள ஜிப்மர் மண்டலப் புற்றுநோய் மையத்துக்குச் செல்லுங்கள். இஜிஎஃப்ஆர், ஏஎல்கே மரபணுச் சோதனைகள் செய்யப்பட்டுள்ளனவா என்று கேளுங்கள். அவற்றில் மாற்றம் இருப்பது தெரிந்தால், மாத்திரையாகவே எடுத்துக்கொள்ளும் இலக்கு மருந்துகள் உண்டு.