பழைய ஜிபிஎஸ்ஸைக் கழற்றிப் போடும் முன்: படகுக் கருவிகள் கேள்வி பதில்

படகுகளில் ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். பழைய கருவிகளை லேப்டாப்போடும் போனோடும் இணைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். "புதுசு வாங்கிடுங்க" என்று கடையில் சொல்லிவிட்டதாகப் பலர் வருத்தப்பட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இல்லை.

ராமேஸ்வரம், விசைப்படகு உரிமையாளர்: அண்ணே, எங்கள் ஜிபிஎஸ்ஸுக்குப் பதினைந்து வயதுக்கு மேல் ஆகிறது. பின்னால் பவர் ஒயரோடு நாலைந்து வண்ண ஒயர்கள் சும்மா தொங்குகின்றன. அதை லேப்டாப்பில் இணைக்கலாமா?

தாராளமாக இணைக்கலாம் தம்பி. சும்மா தொங்கும் அந்த ஒயர்களில்தான் எல்லாமே இருக்கிறது. என்எம்இஏ 0183 என்று ஒரு முறை; அமெரிக்காவின் கடல்சார் மின்னணுச் சங்கம் 1983-இல் கொண்டுவந்தது. அதன்படி உங்கள் கருவி சாதாரண எழுத்துகளாலான வரிகளை ஓயாமல் அனுப்பிக்கொண்டே இருக்கும். வேகம் 4800 பாட் (நொடிக்கு எத்தனை பிட் போகிறது என்ற கணக்கு). ஒவ்வொரு வரியும் டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறிக்குப் பின் இரண்டு சரிபார்ப்பு எழுத்துகளோடு முடியும்.

முதலில் மெனுவுக்குள் போய் வெளியீட்டை என்எம்இஏ என்று வையுங்கள். அப்புறம் ஒயர். பல கார்மின் மாடல்களில் நீலம் வெளியே அனுப்புவது, பழுப்பு உள்ளே வாங்குவது, கறுப்பு கிரவுண்ட். யுஎஸ்பியிலிருந்து ஆர்எஸ்-232 (கணினியின் பழைய சீரியல் இணைப்பு) ஆக மாற்றும் ஒயர் ஒன்று வாங்கி, அதன் ஒன்பது முள் முனையில் 2-ஆம் முள்ளுக்கு நீலத்தையும் 5-ஆம் முள்ளுக்கு கறுப்பையும் கொடுத்தால் போதும். வேறு சில கருவிகளில் ஏ, பி என்று ஒரு ஜோடி வரும். அதற்கு ஆர்எஸ்-422 மாற்றிதான் முறையானது. கையில் 232 மட்டுமே இருந்தால் ஏ ஒயரை 2-க்கும், ஜிபிஎஸ்ஸின் கிரவுண்டை 5-க்கும் கொடுத்துவிட்டு, பி ஒயரை டேப் சுற்றி அப்படியே விட்டுவிடுங்கள். அதைக் கிரவுண்டில் சேர்த்துவிட வேண்டாம். கருவியின் உள்ளே இருக்கும் சிப் கெட்டுப்போகலாம். ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் உங்கள் மாடலின் மேனுவலைப் பார்த்துவிட்டே கை வையுங்கள்.

லேப்டாப்பில் ஓபன்சிபிஎன் என்ற இலவச மென்பொருள் இந்த வரிகளை நேராகப் படித்துக்கொள்ளும்.

தூத்துக்குடி: அண்ணாச்சி, எழுத்து வருது, ஆனா எல்லாம் கன்னாபின்னான்னு வருது.

வேகம் பொருந்தவில்லை, அல்லது ஏ-யும் பி-யும் இடம் மாறியிருக்கிறது. இரண்டையும் மாற்றிப் பாருங்கள். எழுத்தே வராவிட்டால்தான் ஒயரையோ மெனுவையோ சந்தேகப்பட வேண்டும்.

நாகப்பட்டினம்: ஜிபிஎஸ்ஸைச் செருகியதும் லேப்டாப்பில் மவுஸ் அம்பு தானாகத் துள்ளுகிறது. வைரஸா?

வைரஸ் இல்லை. விண்டோஸ் அந்த வரிகளைப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்கிறது. டிவைஸ் மேனேஜரில் 'சீரியல் பால்பாயின்ட்' என்று ஒன்று புதிதாக வந்திருக்கும். அதை அழிக்காமல் 'டிசேபிள்' செய்யுங்கள். அழித்தால் மறுபடி வந்துவிடும்.

மண்டபம்: ஜிபிஎஸ்ஸில் இருக்கும் இடக்குறிகளை நானே லேப்டாப்பில் தட்டச்சு செய்தேன். எல்லாமே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி விழுகின்றன. கருவி கோளாறா?

கருவி சரியாகத்தான் இருக்கும். எண்ணைக் கவனியுங்கள். ஜிபிஎஸ் வரியில் 0917.250 என்று வந்தால் அது 9 பாகை, 17.25 நிமிடம். ஒரு பாகைக்கு 60 நிமிடம் என்பதால் தசமத்தில் அது 9.2875. அதையே 9.1725 என்று அடித்தால் புள்ளி கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர் தெற்கே போய்விடும். பாக் நீரிணையில் எல்லைக் கோடு எவ்வளவு பக்கம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்களின் எல்லைப் புள்ளிகளை ஏற்றும்போதும் இதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஏற்றியபின் தெரிந்த ஒரு புள்ளியை, உங்கள் படகுத்துறையையே எடுத்து, இரண்டு திரையிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று, டேட்டம்; பாகைக் கணக்கு பூமியின் எந்த மாதிரியை வைத்து என்பது. பழைய கருவிகளில் சிலர் இந்தியன் டேட்டம் என்று வைத்திருப்பார்கள். டபிள்யூஜிஎஸ்-84 என்று மாற்றுங்கள். இல்லாவிட்டால் நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளிக் காட்டும்.

காசிமேடு: ஜிபிஎஸ், எக்கோ, ஏஐஎஸ் மூன்றின் ஒயர்களையும் ஒன்றாக முறுக்கி ஒரே மாற்றியில் கொடுக்கலாமா சார்?

கூடாது. என்எம்இஏ 0183-இல் ஒரு கம்பியில் பேசுவது ஒருவர்தான். கேட்பவர்கள் பலர் இருக்கலாம். மூன்றும் சேர்ந்து பேசினால் ஒரு வரிகூட உருப்படியாக வராது. மல்டிப்ளெக்சர் என்ற பெட்டி வேண்டும். ஒவ்வொன்றின் வரியையும் முழுதாக வாங்கி, வரிசையாக அனுப்பும் வேலை அதனுடையது.

வாங்கும்போது வேகத்தைப் பாருங்கள். 4800 பாட் என்றால் நொடிக்கு 480 எழுத்துதான். ஏஐஎஸ் பேசுவது 38400-இல். துறைமுகத்துக்கு வெளியே கப்பல்கள் நிறைய நிற்கும்போது அதை 4800-க்குள் திணித்தால் பாதிக் கப்பல் திரையில் வராது. இரவில் அது உயிர்ப் பிரச்சினை. அதனால் மல்டிப்ளெக்சரிலிருந்து லேப்டாப்புக்கு 38400 அல்லது அதற்கு மேல் வையுங்கள்.

எக்கோவில் டிபிடி (DBT) என்ற வரி வந்தால் ஆழம் அடி, மீட்டர், பாகம் (ஆறடி) மூன்றிலும் சேர்ந்தே வரும். டிரைவருக்குப் பழகிய பாகக் கணக்கையே வைத்துக்கொள்ளலாம்.

கடலூர்: ஒயரில் வருவதை வைஃபை மூலம் போனில் பார்க்கப் பெட்டி வாங்கினேன். இரண்டு நிமிடத்தில் அறுந்துவிடுகிறது.

பெட்டியைத் திட்டாதீர்கள், போனைப் பாருங்கள். அந்த வைஃபையில் இணையம் இல்லை என்று தெரிந்ததும் போன் தானாக மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை நிறுத்துங்கள், 'இணையம் இல்லாவிட்டாலும் இணைந்திரு' என்று கேட்டால் சரி என்று கொடுங்கள். செயலியில் போர்ட் எண் பெரும்பாலும் 10110. இரண்டு மூன்று போனில் பார்க்க வேண்டுமென்றால் யுடிபி (எல்லாப் போனுக்கும் பொதுவாக அனுப்பும் முறை) வையுங்கள். டிசிபி என்பது ஒவ்வொரு போனோடும் தனியாக இணையும் முறை; சில மலிவான பெட்டிகள் அதில் ஒரு போனைத்தான் ஏற்கும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.

வீல் ஹவுஸ் (சுக்கான் அறை) மரமோ ஃபைபரோ என்றால் பெட்டி உள்ளேயே இருக்கட்டும். இரும்புப் படகில் சுவரைத் தாண்டி அலை போகாது.

சிங்கப்பூர், பாய்மரப் படகு: என் பழைய ஆட்டோஹெல்ம் கருவிகளில் சிவப்பு, மஞ்சள், வெறும் கம்பி என்று மூன்றுதான் இருக்கின்றன. தானாகச் சுக்கான் பிடிக்கும் பைலட்டை டேப்லெட்டிலிருந்தே இயக்கலாமா?

அது சீடாக், அந்தக் கம்பெனியின் சொந்தத் தரவு முறை. மஞ்சளில் தரவு, சிவப்பில் 12 வோல்ட். என்எம்இஏ மாற்றியில் நேராகக் கொடுத்தால் படிக்காது. அதற்கென்று தனி மாற்றி வேண்டும். கைவேலை தெரிந்தவர் என்றால் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் சிக்னல் கே என்ற இலவச மென்பொருள் போட்டு, ஓர் ஆப்டோகப்ளர் (கம்பிகள் நேராகத் தொடாமல் ஒளியால் சிக்னலைக் கடத்தும் சிறு பாகம்) வழியாகப் படிக்கலாம். வேகம், ஆழம், காற்று எல்லாம் டேப்லெட்டில் வரும். பைலட்டை மட்டும் வைஃபையில் விடாதீர்கள். கப்பல் நெரிசல் உள்ள சிங்கப்பூர் நீரிணையில் சுக்கானுக்குப் பக்கத்தில் கையெட்டும் பொத்தான் இருந்தே ஆக வேண்டும்.

பாம்பன்: இடம் சரியாக வருகிறது, தேதி மட்டும் இருபது வருடம் பின்னால். கருவி முடிந்ததா?

முடியவில்லை. ஜிபிஎஸ் வாரக் கணக்கு 1024-இல் மறுபடி பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் திரும்பியது. பழைய மென்பொருள் அதைப் புரிந்துகொள்ளாமல் தேதியை 1024 வாரம் பின்னால் காட்டுகிறது. இடத்தை நம்பலாம், தேதியை நம்ப வேண்டாம். லேப்டாப்பின் கடிகாரம் ஜிபிஎஸ்ஸைப் பார்த்துத் தன்னை மாற்றிக்கொள்ளும்படி வைத்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள். இல்லாவிட்டால் ஓதக் கணக்கும் பயணப் பதிவும் தவறாகிவிடும்.