கவரும் கவர்: வாசகர் கேள்வி – பதில்

ஐபேடின் உடம்பு அலுமினியம். அலுமினியத்தைக் காந்தம் இழுக்காது என்றுதான் பள்ளியில் படித்தோம். அப்படியிருக்க, காந்தக் கவர் எப்படி ‘டக்’கென்று போய் ஒட்டிக்கொள்கிறது? அதுவும் கொஞ்சமும் கோணாமல்?
– வாசகி, திருச்சி

பள்ளியில் படித்தது சரிதான். கவர் அலுமினியத்தில் ஒட்டவில்லை. அந்தத் தகட்டுக்கு உள்பக்கம் வரிசையாகப் பதித்திருக்கும் சின்னச் சின்ன நியோடிமியம் காந்தங்களோடு ஒட்டுகிறது. காந்தப் புலத்துக்கு அலுமினியம் கிட்டத்தட்ட காற்று மாதிரி, தடுக்காது, திருப்பாது. அதே இடத்தில் இரும்புத் தகடு இருந்தால் புலத்தைத் தன்னுள் வாங்கிக்கொண்டு வெளியே வரவிடாது.

இந்த ஏற்பாடு பரவலாக அறிமுகமானது 2011 மார்ச்சில், ஐபேட் 2 வெளியானபோது. அதைப் பிரித்துப் பார்த்தவர்கள் டேப்லெட்டுக்குள் 10 காந்தங்களும் கவருக்குள் 21 காந்தங்களும் எண்ணினார்கள். கவரில் இருப்பவை எல்லாம் ஒரே வேலை செய்பவை அல்ல. சில, கீல் பக்கம் டேப்லெட்டின் ஓரத்தைப் பிடிக்கின்றன. சில, மூடிய கவர் திரைமேல் படிந்து நிற்க உதவுகின்றன. சில, கவரை முக்கோணமாகச் சுருட்டித் தாங்கியாக வைக்கும்போது பிரியாமல் காக்கின்றன. ஒன்று, திரையை அணைக்கவும் எழுப்பவும் மட்டும்.

இனி நீங்கள் கேட்ட ‘கோணாமல்’. இதுதான் இந்த அமைப்பின் அழகான பகுதி. காந்தங்கள் எல்லாவற்றையும் வடதுருவம் வெளியே தெரிய அடுக்கியிருந்தால் கவர் ஒட்டும். ஆனால் ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒட்டினாலும் திருப்தியாக அங்கேயே நிற்கும். அதனால் வட, தென் துருவங்களை மாற்றி மாற்றி வைக்கிறார்கள். கவரில் அதற்கு நேர்எதிரான வரிசை. சரியான இடத்தில் வந்தால் ஒவ்வொரு ஜோடியும் இழுக்கும். சற்றே விலகினால் சில ஜோடிகள் இழுக்கும், சில தள்ளும். கையிலிருக்கும் கவர் தானாகவே நகர்ந்து சரியான இடத்துக்குப் போய்விடும். தலைகீழாகத் திருப்பிப் பிடித்தால் ஒட்டவே மறுக்கும். வரிசையை ஒழுங்கில்லாமல் வைத்தால் இன்னும் நல்லது: வட–வட–தென்–வட–தென்–தென் என்பதுபோல் அமைத்தால், எல்லா ஜோடிகளும் ஒத்துப்போகும் இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

வீட்டிலேயே இதை உணர்ந்து பார்க்கலாம். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தத் தாள் இரண்டை எடுத்து, ஒட்டும் பக்கங்களை ஒன்றோடொன்று சேர்த்து, மெல்ல இழுத்துப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுவென்று நகரும்; குறுக்கே இழுத்தால் ‘டக் டக்’ என்று படிபடியாகத் தாவும். கோடு கோடாக மாறி வரும் துருவங்கள்தான் காரணம்.

என் ஐபேடுக்கு ஆன்லைனில் ஒரு காந்தக் கவர் வாங்கினேன். அளவு சரியாக இருக்கிறது, ஆனால் பிடிப்பே இல்லை, நழுவிக்கொண்டே இருக்கிறது. காந்தம் போலியா?
– வாசகர், மதுரை

போலியாக இருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் இது ‘வேறு மாடலின் கவர்’ என்ற கதை. மேலே சொன்ன துருவ வரிசை ஒரு பூட்டும் சாவியும் போல. அங்குலம் ஒத்துப்போவதால் வரிசையும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது.

முதலில் மாடல் எண்ணைப் பாருங்கள். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபவுட். ‘மாடல் நம்பர்’ என்ற வரியை ஒருமுறை தொட்டால் ‘ஏ’ எழுத்தும் நான்கு இலக்கமும் தெரியும். கவர் விற்பவரிடம் கேட்க வேண்டியது அந்த எண்ணை வைத்துத்தான். ‘10 இஞ்ச் ஐபேட்’ என்று கேட்டால் பத்து வகை கொடுப்பார்கள்.

எது எதற்குப் பொருந்தும் என்பதில் பழக்கமான சில குடும்பங்கள் உண்டு. 10.2 அங்குலத்தில் வந்த 7, 8, 9ஆம் தலைமுறை ஐபேடுகள், மூன்றாம் தலைமுறை ஐபேட் ஏர், 10.5 அங்குல ஐபேட் ப்ரோ ஆகியவை, ‘ஸ்மார்ட் கவர்’ என்று ஆப்பிள் பெயரிட்ட காந்தக் கவரில் ஒரே அளவை ஏற்கும். அது கீல் பக்கமாக, ஓரத்தில் பிடிக்கும் வகை. 2018 அக்டோபரில் வந்த தட்டையான ஓரமுள்ள ஐபேட் ப்ரோவிலிருந்து வழி மாறியது: கவர் முதுகு முழுக்கப் படிந்து ஒட்டும். அந்த ப்ரோவுக்குள் 102 காந்தங்கள் இருப்பதாக ஆப்பிளே அறிமுக மேடையில் சொன்னது. ஓரத்தில் பிடிக்கும் கவரை முதுகில் பிடிக்கும் ஐபேடுக்கு வாங்கினால், உங்களுக்கு நேர்ந்ததுதான் நேரும்.

புதியது என்றால் பழைய துணைக்கருவி எல்லாம் சேரும் என்றும் நம்ப வேண்டாம். 2024இல் வந்த, எம்4 சில்லுள்ள ஐபேட் ப்ரோவில் முன்பக்கக் கேமரா நீளமான ஓரத்துக்கு மாறியது. திரையில் எழுத உதவும் ‘ஆப்பிள் பென்சில்’ ஒட்டிச் சார்ஜ் ஆகும் இடமும் அந்த ஓரம்தான். உள்ளே இடம் மாற்றி அமைத்ததில் இரண்டாம் தலைமுறை பென்சில் அதோடு சேராமல் போயிற்று.

மாடல் சரியாகவே இருந்தால் அடுத்த சந்தேகம் இடைவெளி. டேப்லெட்டுக்கு ஏற்கெனவே ஒரு சிலிக்கான் பேக் கவரோ, முதுகில் ஸ்டிக்கர் தாளோ போட்டிருக்கிறீர்களா? இவ்வளவு சின்னக் காந்தங்களின் இழுவிசை தூரம் கூடக்கூட மளமளவென்று சரியும். ஒரு மில்லிமீட்டர் ரப்பரே பிடியைப் பெருமளவு தின்றுவிடும். கழற்றிவிட்டு வெறும் உடம்பில் ஒட்டிப் பாருங்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும்: கவரைப் பிடித்து டேப்லெட்டைத் தூக்காதீர்கள். காந்தத்தை நேராகப் பிய்ப்பது கடினம், பக்கவாட்டில் நழுவ விடுவது எளிது. வழுவழுப்பான பரப்பில் நழுவலைத் தடுப்பது உராய்வு மட்டுமே. ஐபேட் 2 சுமார் 600 கிராம். அந்த எடை செங்குத்தாகத் தொங்கும்போது நேர் இழுவையில் பாதிகூடத் துணைக்கு வராது. கழற்றும்போது இதே இயல்பு நமக்கு உதவும். ஒரு மூலையிலிருந்து வாழைப்பழத் தோல் உரிப்பதுபோல் உரித்தால், காந்தங்கள் ஒவ்வொன்றாக விடும்.

கவரைப் பின்பக்கம் மடித்துப் படிக்கும்போது திரை திடீர் திடீரென்று அணைகிறது. லேப்டாப் மேல் வைத்தாலும் அப்படியே. பழுதா?
– வாசகி, யாழ்ப்பாணம்

பழுதல்ல. திரைக்கு அருகே, கீலுக்கு எதிர் ஓரத்தில், ‘ஹால் சென்சார்’ என்ற மிகச் சிறிய சில்லு இருக்கிறது. காந்தப் புலம் ஓர் அளவைத் தாண்டினால் அது ‘மூடிவிட்டார்கள்’ என்று சொல்லும், திரை அணையும். புலம் விலகினால் எழும். கண் கிடையாது அதற்கு; காந்தம் கவருடையதா, வேறெதனுடையதா என்று தெரியாது.

கவரை முழுக்கப் பின்னால் மடிக்கும்போது, திரையை அணைக்கும் காந்தம் அதே ஓரத்தில், ஆனால் டேப்லெட்டுக்கு அடியில் வந்து நிற்கிறது. சுற்றி வந்ததில் அதன் துருவத் திசைகூட மாறுவதில்லை. சென்சாரை ஏமாறாமல் காப்பது டேப்லெட்டின் தடிமன் மட்டும். டேப்லெட் மெலிந்தும் கவரின் காந்தம் தேவைக்கு மேல் வலுத்தும் இருந்தால் புலம் ஊடுருவி வந்துவிடும். லேப்டாப்பில், மூடியைப் பிடிக்கவும் உறக்கத்துக்கு அனுப்பவும் விளிம்பில் காந்தங்கள் உண்டு; ஒலிபெருக்கியிலும் உண்டு.

எந்த இடம் என்று கண்டுபிடிக்க, திரை எரியும்போது ஒரு சிறு காந்தத்தை ஓரத்தை ஒட்டி மெதுவாக நகர்த்துங்கள். அணையும் புள்ளிதான் சென்சார். எதுவும் நடக்காவிட்டால் காந்தத்தைத் திருப்பிப் பிடித்து மறுபடி நகர்த்துங்கள்; சில சென்சார்கள் ஒரு துருவத்துக்கு மட்டுமே அசையும். 2012இன் மூன்றாம் தலைமுறை ஐபேடில் பிற நிறுவனங்களின் பழைய கவர்கள் சில வேலை செய்யாமல் போனதற்கு இந்தத் துருவச் சிக்கலே காரணம்.

இடம் தெரிந்துவிட்டால், மடித்த கவரை ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தள்ளி வைத்தாலே போதும். முடியாவிட்டால் செட்டிங்ஸில் ‘டிஸ்ப்ளே அண்ட் பிரைட்னஸ்’ பகுதிக்குள் ‘லாக்/அன்லாக்’ என்பதை அணைத்துவிடுங்கள். கவர் மூடினால் திரை அணையாது. பொத்தானை அழுத்திக்கொள்ள வேண்டும்.

அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வைத்திருக்கிறது. படுத்துக்கொண்டே டேப்லெட்டை நெஞ்சில் சாய்த்துப் படம் பார்க்கிறார். காந்தக் கவர் ஆபத்தா?
– வாசகர், சேலம்

நெஞ்சில் சாய்ப்பதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். பேஸ்மேக்கருக்கும், அதிர்ச்சி கொடுத்து இதயத்தைச் சீராக்கும் ஐசிடி கருவிக்கும், மருத்துவர்கள் வெளியிலிருந்து காந்தம் வைத்து முறையை மாற்ற வசதி உண்டு. சுமார் 10 காஸ் (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) புலமே அதற்குப் போதும். டேப்லெட் காந்தம் நேர்மேலே வந்தால், பேஸ்மேக்கர் உடலின் தேவையைப் பார்க்காமல் நிலையான வேகத்தில் துடிக்க வைக்கலாம். ஐசிடி, தேவைப்படும் நேரத்தில் அதிர்ச்சி கொடுக்காமல் இருந்துவிடலாம். இரண்டாவது மிகவும் ஆபத்தானது.

ஆப்பிள் சொல்லும் பாதுகாப்புத் தூரம் 15 சென்டிமீட்டருக்கு மேல். மடியிலோ மேசைமேலோ வைத்துப் பார்ப்பதில் சிக்கல் இல்லை. காந்தத்தை விலக்கினால் கருவி வழக்கமாகப் பழைய முறைக்குத் திரும்பிவிடும். தலைசுற்றல், படபடப்பு இருந்தால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். கவரைக் கழற்றிவிட்டால் போதும் என்றும் நினைக்க வேண்டாம். டேப்லெட்டுக்குள்ளும் காந்தங்கள் இருக்கின்றன.

ஏடிஎம் கார்டு, பென் டிரைவ் கெடுமா?
– வாசகி, கடலூர்

பென் டிரைவ், மெமரி கார்டு கெடாது. அவை காந்தத்தில் எழுதுவதில்லை. ஏடிஎம் கார்டின் சில்லுக்கும் ஒன்றும் ஆகாது. கார்டின் முதுகிலுள்ள கறுப்புப் பட்டை மட்டும் அழியக்கூடும். எளிதில் அழிவது ஹோட்டல் அறைச் சாவி அட்டையின் பட்டை. அதைக் கவருக்குள் செருகாதீர்கள்.

லேத்துப் பட்டறையில் வரைபடம் பார்க்க டேப்லெட் வைத்திருக்கிறோம். கவர் ஓரமெல்லாம் இரும்புத் தூள். போதாததற்கு ஒரு காந்தம் கழன்று வெளியே வந்துவிட்டது.
– வாசகர், கோவை

தூளைத் துணியால் துடைக்காதீர்கள். காந்தம் அதை விடாது. துடைக்கத் துடைக்கத் திரையில்தான் கீறல் விழும். பேக்கிங் டேப்பின் ஒட்டும் பக்கத்தை அழுத்தி அழுத்தி எடுங்கள். இடுக்கில் இருப்பதற்குப் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை உருட்டி ஒற்றி எடுக்கலாம். எல்லாத் தூளும் போன பிறகே ஈரத் துணி.

கழன்ற காந்தத்தைக் கண்டபடி திரும்ப ஒட்டினால் அந்த ஜோடி இழுப்பதற்குப் பதில் தள்ளும். கவரை டேப்லெட்டில் பொருத்தி, காந்தத்தை அதன் பள்ளத்தருகே கொண்டுபோங்கள். டேப்லெட்டை நோக்கித் தானாக இழுபடும் முகம் எதுவோ, அதற்கு எதிர் முகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். பிறகு கவரைக் கழற்றி, பள்ளத்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து, இரண்டு டியூப் அரால்டைட்டைச் சம அளவில் கலந்து, மெல்லிய பூச்சாகப் பூசி, புள்ளி வெளிப்பக்கம் தெரிய ஒட்டுங்கள். ஃபெவிக்விக் சீக்கிரம் பிடிக்கும். ஆனால் மடங்கும் இடத்தில் நொறுங்கிவிடும். மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போட்டு, இரும்பல்லாத எடை வைத்து, ஒரு நாள் விடுங்கள். இரும்பை வைத்தால் காந்தம் எழும்பி அதோடு போய்விடும்.

நியோடிமியம் கண்ணாடி போல் உடையும். நிக்கல் பூச்சு உரிந்தால் துருப்பிடிக்கும். விரிசல் கண்ட காந்தத்தை ஒட்டாமல், அதே தடிமனில் புதிதாக வாங்குங்கள். ஒட்டி முடிக்கும்வரை அது குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. இரண்டு காந்தங்களை விழுங்கினால் குடலின் இரு மடிப்புகளை இடையில் வைத்து நெரித்து ஓட்டை போட்டுவிடும். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே, வலி வரும்வரை காத்திராமல், உடனே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்.