வெள்ளைத்தோல்காரரின் வருத்தமா? — கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணா,

மெலனோமா என்ற தோல் புற்றுநோயில், கலத்துக்குள் சமிக்ஞைகள் செல்லும் பாதைகளை ஆராய்கிறவர்களைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தீர்கள். மட்டக்களப்புப் படுவான்கரையில் உயர்தர மாணவர்களுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். அதை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். ஒரு மாணவன் எழும்பி, "ரீச்சர், இது வெள்ளைக்காரருக்கு வெயிலால வாற வருத்தம்தானே, நமக்கு என்னத்துக்கு?" என்று கேட்டான். எனக்கும் அதே கேள்விதான். வெற்றிலை போட்டு வாய்ப்புற்று வந்தவர்கள் எங்கள் பக்கத்தில் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதை விட்டுவிட்டு இதை ஏன் எழுதுகிறீர்கள்? மருந்தில் கரைந்த கட்டி திரும்பி வருவது ஏன் என்பதையும் கொஞ்சம் விரித்துச் சொல்லுங்கள்.

பி.கு.: எங்கள் பெரியப்பாவின் குதிகாலில் ஒரு வருடமாகக் கறுப்பாக ஒரு தடிப்பு. கால் ஆணி என்று சொல்லிக்கொண்டு வயல் வட்டைக்குப் போய்வருகிறார். உங்கள் கட்டுரையை வாசித்த பிறகு எனக்கு மனம் ஒரு நிலையில் இல்லை.

ஒரு வாசகி, வெல்லாவெளி

*

அன்பின் தங்கச்சி,

பின்குறிப்புக்குத்தான் முதல் பதில். பெரியப்பாவை இந்தக் கிழமையே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வெள்ளாமை வெட்டு முடியட்டும் என்பார், விடாதீர்கள். குதிகால் தடிப்புகளில் பெரும்பாலானவை ஆணியாகவோ, உள்ளே இரத்தம் கண்டிய அடையாளமாகவோதான் இருக்கும். ஆனால் ஒரு வருடமாகப் போகாமல் நிற்கிற கறுப்பை வீட்டில் இருந்து பார்த்து ஆணி என்று தீர்மானிக்கக் கூடாது. ஓரம் ஒழுங்கில்லாமல் பரவுகிறதா, ஓரிடம் கறுப்பும் ஓரிடம் மண்ணிறமுமாக இருக்கிறதா, கசிகிறதா, எப்போது தொடங்கியது, எல்லாவற்றையும் டொக்டரிடம் சொல்லுங்கள். சந்தேகம் என்றால் சதை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். அவருக்குச் சீனி வருத்தமும் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். ஆறாத புண்ணுக்குச் சீனியையே காரணம் சொல்லிச் சொல்லி மாதக்கணக்கு ஓடிவிடும்.

கத்தி பட்டால் புற்று பரவும் என்று யாராவது சொல்வார்கள். எங்கள் ஊர்களில் எத்தனையோ பேரை கிளினிக் வாசலோடு திருப்பி அனுப்புகிற பேச்சு அது. உண்மை நேர்மாறானது. மெலனோமாவுக்கு முதல் வைத்தியமே வெட்டி எடுப்பதுதான். 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியலாளர், கட்டி தோலுக்குள் எத்தனை மில்லிமீற்றர் இறங்கியிருக்கிறது என்பதை அளந்தாலே ஆபத்தின் அளவைச் சொல்லிவிடலாம் என்று காட்டினார். இன்றும் அந்த அளவைத்தான் பார்க்கிறார்கள். ஒரு மில்லிமீற்றருக்குள் நிற்கும்போது எடுத்துவிட்டால், பெரும்பாலானோருக்கு வருத்தம் அத்தோடு முடிந்துவிடுகிறது.

இனி உங்கள் மாணவனுக்கு. அவன் சொன்னதில் பாதி சரி. நிறத்தை உண்டாக்கும் மெலனோசைற்றுக் கலங்கள் வெள்ளைத் தோலிலும் கறுத்தத் தோலிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. வேறுபாடு அவை செய்யும் மெலனினின் வகையிலும் அளவிலும். எங்கள் மெலனின் புறஊதாக் கதிரை நன்றாகத் தடுக்கிறது. அதனால் வெயிலால் வரும் மெலனோமா எங்களுக்கு மிகக் குறைவு. ஆனால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிற ஒரு வகை இருக்கிறது. அதற்கு வெயில் காரணமில்லை, தோல் நிறம் அதைத் தடுப்பதும் இல்லை. கறுத்தத் தோல்காரருக்கு மெலனோமா வந்தால் அடிக்கடி வருவது இந்த வகைதான். பொப் மார்லியின் கால் பெருவிரல் நகத்தடியில் 1977இல் கண்டது இதைத்தான். 1981இல், 36 வயதில் அவர் இறந்தார்.

இந்த வகையின் உள்ளமைப்பும் வேறு. 2002இல் இங்கிலாந்தின் சாங்கர் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் பி-ராஃப் என்ற பரம்பரையலகில் (ஜீனில்) ஒரு விகாரத்தைக் கண்டுபிடித்தார்கள். அது உருவாக்கும் புரதத்தில் 600ஆவது அமினோவமிலம் வேலினாக இருக்க வேண்டும். அந்த இடத்தில் குளூட்டாமிக் அமிலம் வந்துவிடுகிறது. தோல் மெலனோமாக்களில் ஏறக்குறைய பாதியில் பி-ராஃப் விகாரம் இருக்கிறது. உள்ளங்கால் வகையில் அது குறைவு. அங்கே கிட் என்ற வேறொரு புரதம் பழுதாகியிருப்பதைக் கூடுதலாகக் காண்கிறார்கள். பெரிய மருந்துப் பரிசோதனைகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைத்தோல்காரர்கள் என்பதால், முதலில் வந்த குறிமருந்துகளும் அவர்களிடம் அதிகமாகக் காணும் விகாரத்துக்கு எதிராகவே வந்தன. நமக்கு என்னத்துக்கு என்று நாங்களே ஒதுங்கினால் அந்த இடைவெளி இன்னும் அகலும். நான் எழுதியதற்கு முதல் காரணம் இது.

பாதை விசயத்துக்கு வருகிறேன். கலத்தின் வெளி மென்சவ்வில், வெளியிலிருந்து வரும் செய்தியைப் பிடிக்கிற ஒரு புரதம், வாங்கி, இருக்கிறது. வளர்ச்சிக் காரணி வந்து அதில் ஒட்டினால் உள்ளே ராஸ் என்ற புரதம் விழிக்கும். ராஸ் ராஃபை (பி-ராஃப் அதில் ஒரு வகை) எழுப்பும், ராஃப் மெக்கை, மெக் எர்க்கை. ராஃபில் இருந்து கீழே ஒன்று அடுத்ததில் பொஸ்பேற்றை ஏற்றித்தான் செய்தியைக் கடத்துகிறது. எர்க் கருவுக்குள் போய்ப் "பிரி" என்று சொல்ல, கலம் பிரிகிறது. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்கிவிடும். நவகிரிக் குளத்து வாய்க்காலை நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீரைப் பங்கிடுகிற வட்டவிதானை சொன்னால் கதவு திறக்கும், சொன்னால் மூடும். விகாரமடைந்த பி-ராஃப், யார் சொன்னாலும் மூடாமல் இறுகிப்போன கதவு.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறொன்று. எங்கள் உடம்பில் இருக்கிற சாதாரண மச்சங்களில் பெரும்பாலானவற்றிலும் அதே விகாரம் இருக்கிறது. அவை ஏன் புற்றாகவில்லை? கொஞ்சக் காலம் பிரிந்துவிட்டு, அந்தக் கலங்கள் தாமாகவே பிரிவை நிறுத்திக்கொள்கின்றன. ஓயாத வளர்ச்சிச் சமிக்ஞையே கலத்தின் தடுப்பு ஏற்பாட்டையும் எழுப்பிவிடுகிறது. அந்தத் தடுப்பும் உடைந்தால்தான் புற்று. ஒரு பழுது மட்டும் போதாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் பாடப்புத்தகத்தில் இல்லை. வகுப்பில் பிள்ளைகள் தங்கள் கைமச்சத்தைப் பார்த்தபடியே இதைப் படிக்கலாம்.

கட்டி ஏன் திரும்பி வருகிறது? பழுதான பி-ராஃபையே குறிவைத்து வெமுராஃபெனிப் என்ற மருந்து 2011இல் அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. அதற்கு முன் 1975இல் இருந்து பாவித்துவந்த டகார்பசீன் நூற்றுக்கு ஐந்து பேரின் கட்டியைத்தான் சுருக்கியது. புதிய மருந்து ஏறக்குறைய பாதிப் பேருக்குச் சுருக்கியது. ஆனால் வருத்தம் அடங்கியிருந்த காலத்தின் இடைநிலை அளவு ஐந்து மாதம் சொச்சம்தான். மருந்து ராஃபை அடைத்தபோது, ராஸில் இன்னொரு விகாரம் இருந்த கலங்கள் தப்பின. வேறு சில ராஃபை இரண்டிரண்டாகச் சேர்த்தோ, மெக்கையே மாற்றியோ, பிஐ3கே என்ற பக்கப் பாதையைப் பிடித்தோ சமிக்ஞையைத் தொடர்ந்தன. கட்டிக்குள் இருக்கும் கலங்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. தப்பிய சிலவே திரும்பவும் பெருகுகின்றன. அதனால்தான் பிறகு ராஃபையும் மெக்கையும் ஒன்றாக அடைக்கும் இரட்டை மருந்து வந்தது. 2019இல் வெளியான முடிவுகளில், அந்த இரட்டை மருந்தை எடுத்தவர்களில் ஐந்து வருடம் உயிரோடு இருந்தவர்கள் நூற்றுக்கு 34 பேர். இது பரவிவிட்ட மெலனோமாவின் கணக்கு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல மறக்க வேண்டாம். உடலின் எதிர்ப்புக் கலங்களை அவிழ்த்துவிடும் மருந்துகள் இன்னொரு பெரிய கதை. 2018இல் நோபல் பரிசு கிடைத்தது அந்த வழிக்குத்தான்.

வாய்ப்புற்றை விட்டுவிட்டு என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கவலை நியாயமானது. இலங்கை ஆண்களிடம் முன்னிலையில் நிற்கும் புற்றுநோய் அது. பாக்கு மட்டுமே, புகையிலை சேராமலே, புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அறிவித்துப் பல வருடமாகிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு உலகம் இல்லை. பெருங்குடல் புற்றிலும் சிலருக்கு அதே பி-ராஃப் விகாரம் இருக்கிறது. அவர்களுக்கு வெமுராஃபெனிப்பைத் தனியாகக் கொடுத்தபோது ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்று தேடியபோது, ராஃப் அடைபட்டதும் மேலே உள்ள ஈஜிஎஃப்ஆர் என்ற வாங்கி வேகமெடுத்துச் சமிக்ஞையை மீட்டுவிடுவது 2012இல் தெரியவந்தது. மெலனோமாக் கலங்களில் அந்த வாங்கி மிகக் குறைவு. அதனால்தான் அங்கே மருந்து வேலை செய்தது. இன்று பெருங்குடல் புற்றுக்கு இரண்டையும் சேர்த்து அடைக்கிறார்கள்.

அதே ஈஜிஎஃப்ஆர்தான் வாய்ப்புற்றுக் கலங்களின் மென்சவ்வில் அளவுக்கு மிஞ்சி நிற்கிறது. அதை அடைக்கும் செற்றுக்சிமாப் என்ற மருந்து, தலை, கழுத்துப் புற்றுகளுக்கு 2006இல் அங்கீகாரம் பெற்றது. மெலனோமாவில் கிடைத்த அறிவு பெருங்குடலுக்குப் போனதைப் பார்த்தோம். அது வாய்க்கு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது, பாக்கு அந்தப் பாதையை எங்கே தொடுகிறது என்பதைத் தனியாக ஒரு கட்டுரையாக எழுதுகிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் என்ன தெரிய வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுதி அனுப்பினால், அந்தக் கேள்விகளை வைத்தே தொடங்கலாம்.